கொன்றை ஏன் அவசரப்பட்டது? பருவப் பாட்டும் பண்டிகைப் பாட்டும் வாசிக்க ஒரு தொடக்கம்

அக்கா மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் ஒரு வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். 'கார்காலப் பாடல் ஒன்றைத் தேர்ந்து, அதன் பாடுபொருளையும் அணிநயத்தையும் விளக்குக.' நோட்டில் ஏற்கெனவே இரண்டு வரி இருந்தது: 'இப்பாடலின் பாடுபொருள் மழைக்காலம். இதில் இயற்கை வருணனை அழகுற அமைந்துள்ளது.' அதற்குமேல் பேனா நகரவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவள் வயதில் நானும் அதையேதான் எழுதினேன், பத்துக்கு ஆறு மதிப்பெண்ணும் வாங்கினேன்.

அவள் எடுத்திருந்தது குறுந்தொகையின் 66ஆம் பாட்டு. கோவர்த்தனார் பாடியது. ஐந்தே வரி:

மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை
கல்பிறங்கு அத்தம் சென்றோர் கூறிய
பருவம் வாரா அளவை நெரிதரக்
கொம்புசேர் கொடியிணர் ஊழ்த்த
வம்ப மாரியைக் கார்என மதித்தே.

பெரிய பெரிய கொன்றை மரங்களாக இருந்தும் என்ன, சுத்த மடத்தனம். கல் நிறைந்த காட்டு வழியே போனவர் திரும்பி வருவதாகச் சொன்ன பருவம் இன்னும் வரவில்லை. அதற்குள், காலம் தவறிப் பெய்த மழையைக் கார் என்று நினைத்துக் கிளை கொள்ளாமல் கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கின்றன. இதுதான் பொருள். 'வம்ப மாரி' என்றால் புதிதாக, பருவம் இல்லாத நேரத்தில் வந்த மழை. பேசுகிறவள் தோழி. கேட்டுக்கொண்டிருப்பவள், கணவன் வராமல் வாடிப்போன தலைவி.

இரண்டு தடவை படித்துவிட்டு அவள் கேட்டாள்: "அப்ப அது நிஜமாவே சீசன் மழைதானே சித்தி? தோழி பொய் சொல்றாளா?"

ஆமாம், பொய்தான் சொல்கிறாள். மழை சரியான நேரத்துக்கு வந்துவிட்டது, பூவும் சரியான நேரத்துக்குப் பூத்துவிட்டது. வராதது ஓர் ஆள் மட்டும். அதைச் சொன்னால் எதிரே இருப்பவள் உடைந்துபோவாள். அதனால் தோழி பழியைத் தூக்கி மரத்தின்மேல் போடுகிறாள். இப்போது 'பாடுபொருள் மழைக்காலம்' என்ற வரியைத் திரும்பப் பாருங்கள், எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று தெரியும். இந்தப் பாட்டில் கார்காலம் என்பது ஒரு கெடு. கடன் வாங்கியவன் 'ஆடி பதினெட்டுக்குள் தந்துவிடுகிறேன்' என்பானே, அந்த மாதிரி. கெடு நாள் வந்துவிட்டது, சொன்னவன் வரவில்லை. பருவப் பாட்டு, பண்டிகைப் பாட்டு எதை எடுத்தாலும் முதலில் நான் தேடுவது இதைத்தான்: இந்த நாளை நம்பி இங்கே யார் காத்திருக்கிறார்கள்?

இப்படிப் பிரித்துப் பார்ப்பதற்குத் தொல்காப்பியம் நல்ல கருவி ஒன்றைக் கொடுத்திருக்கிறது. அகப்பாட்டில் வருவதை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றாக அது பிரிக்கும். முதற்பொருள் என்பது இடமும் காலமும். கருப்பொருள் என்பது அந்த இடத்தில், அந்தக் காலத்தில் கண்ணில் படும் மரம், பூ, பறவை, விலங்கு, உணவு, தொழில் எல்லாம். உரிப்பொருள்தான் மனிதர்களுக்குள் நடப்பது: சேர்வது, பிரிவது, காத்திருப்பது, புலம்புவது, ஊடுவது. நம் பாட்டில் முதற்பொருள் கார்காலம், கருப்பொருள் கொன்றை, உரிப்பொருள் காத்திருப்பு. காத்திருப்புக்கு இலக்கணம் வைத்திருக்கும் பெயர் 'இருத்தல்'. வெறுமனே இருப்பது. அந்தச் சொல்லே எனக்கு ஒரு பாட்டு மாதிரிதான் படுகிறது. அக்கா மகள் செய்ததும் நான் செய்ததும் ஒரே தப்பு: முதற்பொருளை எடுத்து உரிப்பொருளுக்கான கட்டத்தில் எழுதிவிட்டோம்.

சரி, அணிநயம்? இயல்பாக நடக்கிற ஒன்றன்மேல் நாமாக ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்வதைத் தற்குறிப்பேற்றம் என்பார்கள். மதுரைக் கோட்டைக் கொடி காற்றில் ஆடியதை, கோவலனையும் கண்ணகியையும் பார்த்து 'வராதீர்கள்' என்று கை காட்டியதாகச் சிலப்பதிகாரம் சொல்லும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த உதாரணம். கொன்றை ஏமாந்து பூத்தது என்பதும் அதற்கு நெருங்கிய உறவுதான். ஒரு வித்தியாசம் உண்டு. கொடி கை காட்டியதாகச் சொல்பவர் கவிஞர். கொன்றை ஏமாந்ததாகச் சொல்பவள் கதைக்குள் இருக்கும் ஒருத்தி. அவளுக்கு அந்த அணியால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. விடைத்தாளில் 'இதில் தற்குறிப்பேற்றம் வந்துள்ளது' என்று எழுதினால் பாதி மதிப்பெண். அதை யார் வாய் சொல்கிறது, எதற்காகச் சொல்கிறது என்று எழுதினால் முழுசு.

இதே கொன்றை, இதே கார், ஆனால் பேசுகிறவள் மாறினால் என்ன ஆகும் என்று பார்க்க குறுந்தொகை 21ஐப் புரட்டினால் போதும். ஓதலாந்தையார் பாடியது. இங்கே பேசுவது தலைவியே.

வண்டுபடத் ததைந்த கொடியிணர் இடையிடுபு
பொன்செய் புனையிழை கட்டிய மகளிர்
கதுப்பில் தோன்றும் புதுப்பூங் கொன்றைக்
கானம் கார்எனக் கூறினும்
யானோ தேறேன்அவர் பொய்வழங் கலரே.

பொன் நகையை இடையிடையே வைத்துக் கட்டிய பெண்களின் கூந்தல்போல, பச்சைக்கு நடுவே கொன்றை மஞ்சளாகத் தெரிகிறது. காடே 'கார் வந்தாச்சு' என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லமாட்டார். கடைசி இரண்டு வரியைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். 'யானோ' என்பதில் வரும் அந்த ஓகாரம் ஒற்றை எழுத்துதான். ஊரில் யார் வேண்டுமானாலும் நம்பட்டும், நான் மாட்டேன் என்று அவளை எல்லோரிடமிருந்தும் பிரித்துத் தனியே நிறுத்திவிடுகிறது. அவளைச் சமாதானப்படுத்தத் தெரியாமல் தவிக்கும் தோழிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அவள் இதைச் சொல்கிறாள் என்று பாட்டோடு வரும் பழைய துறைக்குறிப்பு (யார், யாரிடம், எப்போது சொன்னது என்ற குறிப்பு) சொல்லும். யார் யாரைத் தேற்றுகிறார்கள் என்றே தெரியாத இடம் அது.

அந்த உவமையையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கொன்றையைப் பொன்னோடு ஒப்பிடுவது எளிது, இரண்டும் மஞ்சள். ஆனால் அவள் பொன்னை மட்டும் பார்க்கவில்லை, நகையும் பூவுமாகத் தலை சீவி நிற்கும் பெண்களைப் பார்க்கிறாள். கணவன் இல்லாத வீட்டில் தலைக்குப் பூ வைக்காதவள் கண்ணில் இது படுகிறது. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. உவமை கிடைத்தால் 'எதற்கு எது உவமை' என்பதோடு நிறுத்தாமல், இந்த ஆளுக்கு ஏன் இது ஞாபகம் வந்தது என்றும் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவதாக ஒன்று, 126ஆம் பாட்டு. ஒக்கூர் மாசாத்தியார் என்ற பெண்பாற் புலவர் எழுதியது. 'இளமை பாரார் வளநசைஇச் சென்றோர்' என்று தொடங்கும். எங்கள் இளமையைப் பார்க்காமல் பணத்தை விரும்பிப் போனவர் இங்கேயும் வரவில்லை, எங்கே இருக்கிறாரோ என்று கேட்டு,

பெயல்புறந் தந்த பூங்கொடி முல்லைத்
தொகுமுகை இலங்குஎயி றாக
நகுமே தோழி நறுந்தண் காரே.

மழை வளர்த்த முல்லைக் கொடியின் மொட்டுகளே பல்லாக, கார்காலம் சிரிக்கிறதாம். பல்லுக்கு முல்லை மொட்டை ஒப்பிடுவது நம் ஊரில் அரைத்த மாவு, அழகான பெண்ணுக்கெல்லாம் முல்லைப் பல்தான். மாசாத்தியார் அந்தப் பழைய உருவகத்தை எடுத்து, அதே பற்களைப் பருவத்தின் வாயில் பொருத்திக் கேலிச் சிரிப்பாக்கிவிட்டார். அப்படிச் சிரிக்கும் காரையும் அவள் திட்டுவதில்லை, 'நறுந்தண் கார்' என்கிறாள். வாசமான, குளிர்ச்சியான கார். வலியைச் சொல்லும் பாட்டில் இந்த இரண்டு அடைமொழியும் செய்கிற வேலையை நான் இன்னும் முழுசாகப் புரிந்துகொண்டதாகச் சொல்லமாட்டேன்.

ஆக, ஒரே பருவத்துக்கு மூன்று வாக்குமூலம். கார் இன்னும் வரவில்லை என்கிறாள் ஒருத்தி, வந்தாலும் நம்பமாட்டேன் என்கிறாள் இன்னொருத்தி, வந்து நின்று சிரிக்கிறது என்கிறாள் மூன்றாமவள்.

இங்கே நாட்காட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் குழப்பம் வரும். இலக்கணப்படி ஆண்டுக்கு ஆறு பெரும்பொழுது, கணக்கு ஆவணியில் தொடங்கும். ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். 'ஐப்பசி அடைமழை' என்று வளர்ந்த நமக்குக் கார்காலம் என்றதும் மனசு ஐப்பசிக்கு ஓடும். ஆனால் பாட்டின் கணக்கில் ஐப்பசி வரும்போது கார் முடிந்தே விட்டது. கொன்றையும் அப்படித்தான். எங்கள் தெருமுனையில் நிற்கும் சரக்கொன்றை சித்திரை வெயிலிலேயே தொங்கத் தொங்கப் பூத்துவிடும். சங்கப் பாட்டிலோ கொன்றை கார்காலத்துப் பூ. ஜன்னல் வழியே தெரியும் மரத்தை வைத்துப் பாட்டைத் திருத்தக் கூடாது, பாட்டுக்கென்று ஒரு காலண்டர் உண்டு. ஜப்பானிய ஹைக்கூவிலும் இப்படித்தான், ஒரு பூச்சியின் பெயரோ பூவின் பெயரோ வந்தாலே என்ன பருவம் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும், கவிஞர் மாதத்தைச் சொல்லத் தேவையில்லை.

சொல்லாமல் பருவத்தைக் காட்டுவது எப்படி என்று பார்க்க நெடுநல்வாடையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நக்கீரர் பாடியது, பத்துப்பாட்டில் ஒன்று, 188 அடி. கூதிர்காலத்தின் ஒரு நள்ளிரவு. 'குன்று குளிர்ப்பன்ன கூதிர்ப் பானாள்' என்று ஓரிடத்தில் சொல்லிவிடுகிறார், மலைக்கே குளிர் எடுத்தாற்போன்ற பாதி ராத்திரி. ஆனால் குளிர் நம் உடம்பில் ஏறுவது அந்த வரியால் அல்ல, சின்னச் சின்னக் காரியங்களால். இடையர்கள் கையில் கொள்ளியைப் பிடித்துக்கொண்டும் கன்னம் நடுங்க நிற்கிறார்கள். மாடு மேய்ச்சலை மறக்கிறது, குரங்கு ஒடுங்குகிறது. பால் குடிக்க வந்த கன்றைத் தாய்ப்பசு உதைக்கிறது.

அப்புறம் ஊருக்குள் வருவார். வானம் மூடிக் கிடப்பதால் பொழுது சாய்ந்ததா இல்லையா என்று தெரியவில்லை. தட்டில் இட்டு வைத்த பிச்சி மொட்டு விரிந்து வாசம் வந்ததும், 'ஓ, அந்தியாகிவிட்டது' என்று பெண்கள் விளக்கேற்றுகிறார்கள். கடிகாரமாக ஒரு பூ. வேனில் காலத்துக்கு என்று செய்த வட்ட விசிறி சுருக்கி மாட்டப்பட்டுக் கிடக்கிறது, அதன்மேல் சிலந்தி வலை கட்டியிருக்கிறது. 'தொகுவாய்க் கன்னல் தண்ணீர் உண்ணார்', குறுகிய வாயுடைய கூஜாவில் தண்ணீர் இருக்கிறது, யாரும் குடிக்கவில்லை. நெருப்புச் சட்டிக்குப் பக்கத்தில்தான் கூட்டம்.

விசிறியில் சிலந்தி வலை! பயன்படாத பொருளைக் காட்டிப் பருவத்தைச் சொல்வது என்ற இந்த ஒரு உத்தியைக் கற்றுக்கொண்டால் போதும், பாதிக் கவிதை வகுப்பு முடிந்த மாதிரி. டிசம்பரில் நம் வீட்டு ஏர்கூலர் மேல் துணி உலர்வதைப் பார்த்தால் எனக்கு நக்கீரர் ஞாபகம்தான் வரும்.

இத்தனையும் எதற்கு? உள்ளே அரண்மனைக் கட்டிலில் அரசி தூங்காமல் கிடக்கிறாள். அரசன் வெளியூர்ப் பாசறையில், அதே வாடைக் காற்றில், ராத்திரி தூங்காமல் புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். வடக்கிலிருந்து காற்று அடிக்க அடிக்கப் பாசறை விளக்கின் சுடர் தெற்கே சாய்கிறது. இரண்டு இடத்தையும் இணைப்பது அந்தக் காற்று ஒன்றுதான். பெயர் சொல்லாத காதல் பாட்டு என்றே இதைக் கொள்ளலாம். ஆனால் அரசனோடு போகும் வேலின் தலையில் வேப்பந்தார் கட்டியிருப்பதாக ஒரு வரி வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அந்த ஒரு சொல்லால் ஆள் இன்னார் என்று தெரிந்துவிடுகிறது, அகம் புறமாகிவிடுகிறது என்று உரையாசிரியர்கள் வாதாடியிருக்கிறார்கள். ஒரு பூவின் பெயருக்கு எவ்வளவு கனம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பண்டிகைக்கு வருவோம். பருவம் தானாக வருவது, பண்டிகை மனிதர்கள் நாள் குறித்து வைத்துக்கொள்வது. அதனால் கெடு இன்னும் இறுகிவிடுகிறது. கார் என்பது இரண்டு மாதம், கார்த்திகை விளக்கு ஒரே ராத்திரி.

அகநானூறு 141இல், இதுவும் நக்கீரர் பெயரில் உள்ள பாட்டுதான், தலைவி தோழியிடம் சொல்கிறாள்: மழை ஓய்ந்து தெளிந்த வானத்தில், முயல் கறை தெரிய நிலா நிறைந்து, அறுமீனோடு, அதாவது கார்த்திகை நட்சத்திரத்தோடு, சேரும் நடு இரவு. தெருவில் விளக்கு வைத்து, மாலை தொங்கவிட்டு, பழைய ஊரில் பலரும் கூடிக் கொண்டாடும் அந்த விழாவை நம்மோடு கொண்டாட அவர் வரட்டுமே. மூலத்தில் இந்தப் பகுதியின் கடைசித் தொடர் 'விழவுடன் அயர வருகதில் அம்ம'. வருக என்றால் வரட்டும். கூட ஒட்டிக்கொண்டிருக்கும் 'தில்' இருக்கிறதே, அது ஆசையைச் சொல்லும் இடைச்சொல். அகராதியில் தேடினால் அரை வரி விளக்கம்தான் கிடைக்கும். இன்றைக்கு நாம் 'வந்துட்டா நல்லாயிருக்கும்ல' என்று இழுப்போமே, அந்த இழுப்பு அது. மழை ஓய்ந்தது என்று அவள் தொடங்குவதையும் கவனியுங்கள். கார் கெடு தாண்டிவிட்டது. இப்போது நம்பிக்கையை அடுத்த தேதிக்கு மாற்றி வைக்கிறாள்.

கார்த்திகை விளக்கு வேறு வேலைக்கும் போகும். ஒரு விழா எல்லோருக்கும் தெரிந்ததாகிவிட்டால் அது உவமைக்கு உதவும் அளவுகோலாகிவிடுகிறது. நற்றிணை 202இல் கார்த்திகை மாதத்தை 'அறம் செய் திங்கள்' என்கிறார் பாலை பாடிய பெருங்கடுங்கோ. காதலியை அழைத்துக்கொண்டு காட்டு வழியே போகும் தலைவன், பூத்து நிற்கும் கோங்க மரங்களைக் காட்டி, அந்த மாதத்து விளக்கு வரிசை மாதிரி இல்லையா என்று கேட்கிறான். கார் நாற்பதின் 26ஆம் வெண்பா இது:

நலமிகு கார்த்திகை நாட்டவர் இட்ட
தலைநாள் விளக்கின் தகையுடைய வாகிப்
புலமெலாம் பூத்தன தோன்றி சிலமொழி
தூதொடு வந்த மழை.

தோன்றி என்பது செங்காந்தள். கார்த்திகையின் முதல் நாள் விளக்குபோல நிலமெங்கும் சிவப்பாகப் பூத்துக் கிடக்கிறது, மழை அவன் வரும் சேதியோடு வந்திருக்கிறது. மழையே தூதன். இதுவரை எல்லாம் இதம். இப்போது களவழி நாற்பது. கழுமலத்தில் சோழன் செங்கணான் வென்ற போர்க்களத்தைப் பொய்கையார் பாடுகிறார். வெட்டுப்பட்டவர்கள் உடம்பிலிருந்து வடியும் ரத்தம் 'கார்த்திகைச் சாற்றில் கழிவிளக்கைப் போன்றனவே'. சாறு என்றால் விழா. கார்த்திகை விழாவில் ஏற்றிவைத்த ஏராளமான விளக்கு மாதிரி ரத்தம்! முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அதே சிவப்பு, அதே வரிசை, அதே விழா. எதற்குப் பக்கத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து மனசு கரையவும் செய்கிறது, குமட்டவும் செய்கிறது. பண்டிகை உவமையாக வரும்போது பண்டிகை நல்ல விஷயம், அதனால் பாட்டும் மங்கலமானது என்று முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

(ஒரு சின்னச் செய்தி: இந்தப் பழைய பாட்டுகளில் விளக்கு என்றால் கார்த்திகைதான். தீபாவளியைத் தேடினால் சங்கப் பாட்டில் கிடைக்காது.)

தை மாதத்துக்கு ஒரே ஒரு பாட்டு. குறுந்தொகை 196, மிளைக் கந்தனார். பரத்தையிடம் போய்விட்டு வீடு திரும்பியவனைத் தோழி வாசலில் நிறுத்திக் கேட்கிறாள். முன்பெல்லாம் என் தோழி வேப்பங்காயைக் கொடுத்தாலும் வெல்லக்கட்டி என்றீர். இப்போது பாரியின் பறம்பு மலைச் சுனைத் தண்ணீரைத் தை மாதத்தில் குளிரக் குளிரக் கொடுத்தாலும் சுடுகிறது, உவர்க்கிறது என்கிறீர். 'ஐய, அற்றால் அன்பின் பாலே', அன்பின் லட்சணம் அப்படியாகிவிட்டது. பருவம் இங்கே ஒரு சொல், 'தைஇத் திங்கள்', அவ்வளவுதான். மலைச் சுனை, அதிலும் பறம்பு, அதிலும் தை என்று குளிர்ச்சியை ஒவ்வொரு படியாக ஏற்றி, உச்சியில் வைத்து அவனை அடிக்கிறாள். பருவத்தைப் பற்றிய பாட்டே இல்லை இது. இருந்தும் 'தை'யை எடுத்துவிட்டால் அடி விழாது.

மார்கழிக்கு வந்தால் ஆண்டாளின் திருப்பாவையில் 30 பாசுரம், மாணிக்கவாசகரின் திருவெம்பாவையில் 20 பாட்டு. இரண்டிலும் மழையைக் கூப்பிடும் பாட்டு ஒன்று உண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அணி என்றால் என்ன என்பது தானாகப் புரியும்.

திருப்பாவையின் நாலாவது பாசுரம் 'ஆழி மழைக் கண்ணா'. மேகம் கடலில் புகுந்து நீரை முகந்து, இடித்து மேலேறி, திருமாலின் உடம்புபோல் கறுத்து, அவன் கையிலுள்ள சக்கரம்போல் மின்னி, வலம்புரிச் சங்குபோல் அதிர்ந்து, சார்ங்க வில் விட்ட அம்பு மழைபோல் 'வாழ உலகினில்' பெய்ய வேண்டும். திருவெம்பாவையின் 16ஆம் பாட்டிலும் மேகம் கடலைச் சுருக்கிக்கொண்டுதான் எழுகிறது. ஆனால் அது கறுப்பது உமையின் நிறத்தில். மின்னல் அவள் இடை, இடி அவள் காற்சிலம்பின் ஒலி, வானவில் அவள் புருவம், மழை அவள் அருள்.

ஒரே மேகம், ஒரே வரிசை. கறுப்பு, மின்னல், இடி இரண்டிலும் உண்டு. ஒரு பாட்டில் அந்தக் கறுப்பு போக மற்றதெல்லாம் ஆயுதங்கள், இன்னொன்றில் அத்தனையும் ஒரு பெண்ணின் அழகு. ஆண்டாள் கொல்கிற கருவிகளை வரிசையாக அடுக்கிவிட்டு, கடைசியில் 'வாழ' என்று ஒரு சொல்லைப் போட்டு எல்லாவற்றையும் திருப்பிவிடுகிறாள். கொல்ல அல்ல, வாழ. எனக்கு அவள் பாட்டுதான் ஒரு படி மேல், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

ஓசையையும் கேட்க வேண்டும். ஆழி, ஆழியுள், ஊழி, பாழியந்தோள், ஆழிபோல், தாழாதே, வாழ: முதல் ஏழு அடியிலும் இரண்டாவது எழுத்து ழகர வரிசை. இதுதான் எதுகை. பாசுரம் முழுக்கப் பதினொரு ழகரம் வருகிறது, விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். இதில் இரண்டாம் அடியின் ஆழி கடல், ஐந்தாம் அடியின் ஆழி சக்கரம். நாக்கு மேலண்ணத்தைத் தடவித் தடவி வரும்போது வாய்க்குள்ளேயே தண்ணீர் புரளும் மாதிரி இருக்கும். விடியற்காலையில் ஒலிபெருக்கியில் கேட்டால் தெரியாது, நீங்களே சொல்லிப் பார்க்க வேண்டும்.

இப்போதெல்லாம் பண்டிகை வந்தால் கைபேசியில் வாழ்த்துக் கவிதை கொட்டுகிறது. பொங்கலுக்குக் கரும்பு, மஞ்சள், புதுப்பானை, உழவன்; தீபாவளிக்கு ஒளி, இருள், இனிப்பு. கருப்பொருள் எல்லாம் வரிசையாக இருக்கும். அதற்குள் ஆள் இருக்கமாட்டான். யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அதனால்தான் மறுநாள் ஒரு வரியும் ஞாபகம் இருப்பதில்லை.

ஆள் இருக்கும் பண்டிகைப் பாட்டு எப்படி இருக்கும் என்பதற்குத் திருஞானசம்பந்தரின் மயிலாப்பூர்ப் பதிகத்தைச் சொல்வேன். ஏழாம் நூற்றாண்டு. பின்னணிக் கதையைச் சொல்வது பெரியபுராணம்: மயிலாப்பூர் வணிகர் சிவநேசரின் மகள் பூம்பாவை பாம்பு கடித்து இறந்துபோகிறாள். சாம்பலையும் எலும்பையும் ஒரு குடத்தில் போட்டு அப்பா வைத்திருக்கிறார். சம்பந்தர் வந்ததும் அந்தக் குடத்தைக் கபாலீச்சரத்து மதிலுக்கு வெளியே கொண்டுவந்து வைக்கிறார்கள். குடத்தைப் பார்த்து அவர் பாடுகிறார்.

பாடுவது என்ன? திருவிழாப் பட்டியல். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மாதம் மாதமாக வரும். தைப்பூசத்தில் நெய் மணக்கும் சோறு, பங்குனியில் தெருவெல்லாம் இரைச்சல். ஒவ்வொரு பாட்டும் ஒரே மாதிரி முடியும்:

வளைக்கை மடநல்லார் மாமயிலை வண்மறுகில்
துளக்கில் கபாலீச் சரத்தான்தொல் கார்த்திகைநாள்
தளத்தேந்து இளமுலையார் தையலார் கொண்டாடும்
விளக்கீடு காணாதே போதியோ பூம்பாவாய்.

வளையல் கையுடைய பெண்கள் நடமாடும் மயிலைத் தெருவில், அந்தப் பழைய கார்த்திகை நாளில், அவர்கள் ஏற்றும் விளக்கைப் பார்க்காமலே போகிறாயா பூம்பாவாய்? 'காணாதே போதியோ' என்ற அந்த அடி பத்துப் பாட்டிலும் திரும்பத் திரும்ப வருகிறது. திரும்ப வரும் அடியைச் சும்மா தாளத்துக்கு வைத்தது என்று நினைத்துத் தாண்டிவிடுவோம். இங்கே அதை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்க வேண்டியிருக்கிறது. ஐப்பசியில் கேட்கும்போது அது ஒரு கொஞ்சல். மாசி, பங்குனி என்று மாதம் ஏற ஏற, அவள் தவறவிட்ட நாட்கள் கூடிக்கொண்டே போகின்றன. விசாரிக்க வந்த உறவுக்காரர்கள் சாவு வீட்டில் 'பொங்கலுக்குப் புதுப்பாவாடை எடுத்து வச்சிருந்தாளே' என்று சொல்லி அழுவார்களே, அதே அழுகை.

வளையல் கை என்று முதல் வரியிலேயே மற்றப் பெண்களைக் காட்டிவிடுகிறார். அவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள், விளக்கு ஏற்றுகிறார்கள், தெருவில் நடக்கிறார்கள். பார்க்க வேண்டியவள் குடத்துக்குள். குறுந்தொகை 21இல் தலைவி கொன்றையைப் பார்க்கும்போதும் நகை அணிந்த மற்றப் பெண்கள்தானே ஞாபகத்துக்கு வந்தார்கள்.

பூம்பாவை குடத்தை உடைத்துக்கொண்டு உயிரோடு எழுந்தாள் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதினார். கபாலீசுவரர் கோயிலில் அவளுக்கு இன்றும் ஒரு சன்னிதி இருக்கிறது. பதிகத்தை மட்டும் எடுத்துப் படியுங்கள். அதற்குள் அவள் எழுந்து வருவதாக ஒரு சொல்கூட இல்லை. பத்தாவது பாட்டில் பெருஞ்சாந்தி விழாவைச் சொல்லி, அப்போதும் 'காணாதே போதியோ' என்றுதான் கேட்கிறார்.